சோப்புப் போடாத அரக்குப் பட்டு

போன மாதம் பழைய கடைப் பக்கம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். பின்கட்டில் நான் இருபத்து மூன்று வருஷம் நின்று வேலை பார்த்த இடத்தில் பச்சைப் பெயின்ட் அடித்த டிரம் ஒன்று இருந்தது. புதிதாக வந்திருக்கும் திராவகமாம். பெட்ரோல் மாதிரியே எண்ணெய்க் கறையை எடுக்கும், ஆனால் தீப்பிடிக்காது என்றார்கள். எனக்குக் காட்டுவதற்காகவே ஒருவன் அதைக் கொஞ்சம் தட்டில் ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போட்டான். குச்சி அணைந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் அதற்குள் தெருவுக்கு வந்து நின்றுகொண்டிருந்தேன்.

"இனி ஒண்ணும் பேடிக்க வேண்டாம், செல்லையா அண்ணாச்சி. உள்ள வாங்க" என்று தைரியம் சொன்னான் குச்சி போட்டவன்.

தெருவில் நின்றபடியே கேட்டேன், அதன் வாடையில் தலை சுற்றுகிறதா என்று. லேசாகச் சுற்றும், மோர் குடித்தால் சரியாகிவிடும் என்றார்கள். எரியாத ஒன்று எதற்காகத் தலையைச் சுற்ற வேண்டும்? அன்றிலிருந்து அது ஒரு கவலை.

பெட்ரோல் காலத்துக் கலவையை எழுதிக் கொடுக்கச் சொன்னது அவர்கள்தான். எத்தனை காலன் பெட்ரோலுக்கு எவ்வளவு சோப்பு, எந்தக் கறைக்கு எது என்று அளவை மட்டும் எழுதினால் போதுமாம். நானும் இரண்டு நாள் முயன்று பார்த்தேன். சோப்பு என்று எழுதியதும் கை நின்றுவிடுகிறது. சோப்பைப் பற்றிச் சொன்னால் அரக்குப் புடவையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. ஆகையால் இப்படி நீளுகிறது. எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. பரீட்சை அன்று காலையில் பயத்தில் வாந்தி எடுத்துப் பள்ளிக்கூடம் போகவில்லை, பிறகு போகவே இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தையற்கடையில் சில வருஷம் பொத்தான் கட்டினேன். அது முடிந்து, கலியாணம் ஆன பின்புதான், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால், பெட்ரோலில் துணி வெளுக்கிற இந்தப் பெட்ரோல் வாஷ் கடையில் சேர்ந்தேன். தண்ணீர் பட்டால் சுருங்குகிற கம்பளிக் கோட்டு, சாயம் கக்குகிற பட்டு, வக்கீல்மார் அங்கி, வெல்வெட்டு இவைதான் எங்களுக்கு வரும். சேர்ந்த அன்றே வேலையை விட்டுவிடலாம் என்று நினைத்தேன். அன்று மட்டும் இல்லை, வாரத்துக்கு ஒருமுறையாவது நினைத்திருக்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஞானமுத்து மேஸ்திரி. மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். கொழும்பில் ஒரு பெரிய சலவைக் கம்பெனியில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வந்தவர். இடது காதிலிருந்து கழுத்து வரைக்கும் தோல் சுருங்கிப் பளபளவென்று இருக்கும். அது என்ன என்று நான் கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அவருக்குச் சத்தம் போட வராது. எதையும் ஒருமுறைதான் சொல்வார். காரணம் சொல்ல மாட்டார். ஒருமுறை கேட்டேன். "காரணத்தச் சொன்னா நீ நாளைக்கு வேலைக்கு வரமாட்டே. செய்யுதத மட்டும் செய்" என்றார்.

தொட்டிக் கொட்டகை முற்றத்தின் ஒரு மூலையில். இஸ்திரிக் கொட்டகை எதிர்மூலையில். நடுவே முப்பத்தெட்டுத் தப்படி. நான் தினமும் நடந்து எண்ணிப் பார்ப்பேன், குறைந்துவிட்டதோ என்று. இஸ்திரி போட்டவன் மாதவன், நெய்யாற்றின்கரைக்காரன். கரி அடுப்போடு இருப்பவன். அவன் தன் மூலையை விட்டு இந்தப் பக்கம் வரக்கூடாது. வந்தால் தீப்பெட்டி, பீடி இல்லை என்று மடியை உதறிக் காட்டிவிட்டு வர வேண்டும்.

தொட்டிக் கொட்டகையில் காலில் செருப்பு ஆகாது. தரை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். மூன்று மரத்தொட்டி, உள்ளே செம்புத் தகடு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சங்கிலி மண்ணுக்குள் இறங்கியிருக்கும். வேலை தொடங்குமுன் அந்தச் சங்கிலியைக் கையால் தொட வேண்டும். மேஸ்திரி சாமி கும்பிடுவதுபோலத் தொடுவார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

துணியை முதலில் தூசி தட்டி, பையெல்லாம் துழாவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கறையானால் சீமைச் சுண்ணாம்புத் தூளைத் தூவி ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு முதல் தொட்டி. அதில்தான் சோப்பு. டப்பாவில் தேன் பதத்தில் மஞ்சளாக இருக்கும், தண்ணீரில் கரையாது, பெட்ரோலில் கரையும். ஒரு காலனுக்கு இரண்டு தேக்கரண்டி. தனியாக ஒரு குவளைப் பெட்ரோலில் மரக்குச்சியால் கரைத்துத் தொட்டியின் ஓரமாக விட வேண்டும். இரண்டாம் தொட்டியிலும் மூன்றாம் தொட்டியிலும் வெறும் பெட்ரோலில் அலசிவிட்டு, முறுக்காமல் இரண்டு துண்டுக்கு நடுவே வைத்து ஒற்றி நிழலில் போட வேண்டும். அலசுகிறபோது முதல் தொட்டிச் சோப்பில் ஒரு பங்கு துணியோடு கூடவே வரும். அதைத்தான் மேஸ்திரி பார்ப்பார். விரலில் தொட்டு வழவழப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே தலையை ஆட்டுவார்.

இன்னொரு சட்டம் துவர்த்துச் சட்டம். துவர்த்து என்றால் நம் ஊரில் குளித்துத் துவட்டுகிற மெல்லிய துண்டு. காலை ஒன்பது மணிக்கு அதை நனைத்துப் பிழிந்து முற்றத்துக் கொடியில் போட வேண்டும். பத்து மணிக்கு ஈரம் இருந்தால் வேலை செய்யலாம். காய்ந்திருந்தால் அன்று பட்டைத் தொடக்கூடாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் கடல் காற்றில் அது சாயங்காலம் வரை காயாது. தை மாதத்தில் சில நாள் கிழக்கே மலைப்பக்கமிருந்து வறண்ட காற்று வரும். அந்த நாளில்தான் காயும். அன்று நாங்கள் பொத்தான் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

ரயில் தம்பானூர் வரை வந்த புதிது. ஒரு தை மாதம் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்து மாமி ஒருத்தி கடைக்கு வந்தாள். கூடவே கலியாணப் பெண், பெயர் கோமதி. அக்கிரகாரத்திலிருந்து பட்டு எங்களிடம் வருவது அபூர்வம். மேஸ்திரி உள்ளே இருந்தார், நான்தான் முன்னால் நின்றேன்.

மாமி ஒரு பழைய வேஷ்டியைப் பிரித்தாள். உள்ளே அரக்கு நிறத்தில் காசிப் பட்டு. முந்தானைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு விளக்கெண்ணெய்க் கறை.

"நிச்சயதார்த்தத்துக்குச் சம்பந்தி எடுத்துண்டு வந்த புடவை. இவ குத்துவிளக்கை நகத்தறேன்னு கவுத்துட்டா. ஓரத்துல ஒரு சொட்டு தண்ணி விட்டுப் பாத்தேன், ரத்தமா சாயம் எறங்கறது. நாளன்னிக்கு நலங்குக்கு இதைத்தான் கட்டிக்கணும்னு அவா சொல்லியிருக்கா. போகுமா?"

"போகும் மாமி."

"பெட்ரோல்லயா வெளுக்கறேள்? அதுக்குத் தோஷம் உண்டோ?"

"பூமியிலேர்ந்து எடுக்கறதுதானே அம்மா" என்று பெண் மெதுவாகச் சொன்னாள்.

"விளக்கைக் கவுத்தவா பேச வேண்டாம்" என்றாள் மாமி. பிறகு என்னைப் பார்த்தாள். "சோப்பு போடுவேளா? கடைச் சோப்பெல்லாம் கொழுப்புல பண்றதாக்கும். எங்காத்துல பட்டுன்னா மடிக்கு ஆகணும். சோப்பு பட்டா அப்பறம் நாளைக்குப் பூஜைக்குக் கட்டிக்க முடியாது. போடுவேன்னா இப்பவே சொல்லிடு, எடுத்துண்டு போயிடறேன்."

போடுவோம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அந்தப் பெண் நலங்குக்கு எதைக் கட்டிக்கொண்டு சம்பந்தி முன்னால் உட்காருவாள்? அவள் கண் ஏற்கெனவே சிவந்திருந்தது. உள்ளே போய் மேஸ்திரியைக் கேட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்கோ ஒருவர் முகம் வாடுவதைப் பார்க்கத் திராணி கிடையாது.

"சோப்பே கிடையாது மாமி. வெறும் பெட்ரோல்தான்" என்றேன்.

மேஸ்திரியிடம் புடவையைப் பற்றிச் சொன்னேன். வாக்குக் கொடுத்ததைச் சொல்லவில்லை. மறுநாள் காலை அவர் பெட்ரோல் பீப்பாய் இறக்குவதற்குத் தம்பானூர் கூட்ஸ் ஷெட்டுக்குப் போக வேண்டியிருந்தது. "துவர்த்தப் பாத்துட்டுச் செய்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு அது நல்லதாகப் போயிற்று என்று தோன்றியது. சோப்பு எதற்கு? அழுக்கு எடுக்கத்தானே. இது புதுப் புடவை, ஒரே ஒரு எண்ணெய்க் கறை. சீமைச் சுண்ணாம்பே பாதியைக் குடித்துவிடும். மற்றதைப் பெட்ரோல் பார்த்துக்கொள்ளும். சோப்பு ஒன்றை விடுகிறேன், மற்ற எல்லாச் சட்டத்தையும் இரண்டு மடங்கு கடைப்பிடிக்கிறேன். இப்படித்தான் கணக்குப் போட்டேன்.

ஒன்பது மணிக்குத் துவர்த்தை நனைத்துப் போட்டேன். காற்று எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை போய்த் தொட்டுப் பார்த்தேன். பத்து மணிக்குத் தொட்டபோது காய்ந்த மாதிரி இருந்தது. மறுபடி தொட்டேன். ஓரத்தில் லேசாக ஈரம் இருப்பதுபோலத் தோன்றியது. இரண்டு கையாலும் பிடித்துக் கசக்கிப் பார்த்தேன். இருந்தது, ஈரம் இருந்தது. மனசு நிம்மதியாயிற்று.

ஈரம் துவர்த்தில் இல்லை, என் கையில் இருந்தது. பயந்தால் என் உள்ளங்கை வேர்க்கும். சின்ன வயதில் சிலேட்டில் எழுதினதெல்லாம் என் கை பட்டே அழிந்துவிடும். இது எனக்குத் தெரியாததா? தெரிந்துதான் இருந்தது. அன்று நினைவுக்கு வரவில்லை.

தரையில் நாலு குடம் தண்ணீர் கொட்டினேன். சங்கிலியைத் தொட்டேன், மூன்று தரம். முதல் தொட்டியில் புதுப் பெட்ரோலை மட்டும் விட்டுப் புடவையை இறக்கினேன். கறையைச் சுற்றிக் கையால் மெதுவாகத் தேய்த்தேன். கறை இளகிப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. இரண்டாம் தொட்டிக்கு மாற்றலாம் என்று இரண்டு கையாலும் அள்ளித் தூக்கினேன்.

அப்போது சத்தம் கேட்டது. உப்பைத் தணலில் போட்டால் வருமே, அந்த மாதிரி, ஆனால் மிகச் சன்னமாக. முழங்கை மயிரெல்லாம் எழுந்து நின்றது. புடவையின் தொங்கின ஓரம் தானாக நகர்ந்து செம்புத் தகட்டைப் பார்த்துச் சாய்ந்தது. யாரோ உள்ளிருந்து இழுப்பதுபோல இருந்தது.

சங்கிலி ஏன், ஈரத்தரை ஏன், துவர்த்து ஏன், சோப்பு ஏன், மேஸ்திரியின் கழுத்து ஏன், எல்லாம் அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. வறண்ட காற்றில் பட்டு உரசினால் மின்சாரம் ஏறும், அதைப் பொறி பறக்கவிடாமல் வடிக்கத்தான் இத்தனையும்.

புடவையை மேலே தூக்கினால் பட்டும் பெட்ரோலும் உரசும். கீழே விட்டால் ஓரம் தகட்டைத் தொடும். ஒரு பொறி போதும். பாதிப் புடவை பெட்ரோலுக்குள், பாதி என் கையில். அப்படியே நின்றேன். என் வாழ்நாளில் தைரியமாக எதையும் செய்ததில்லை. அன்று ஒன்றும் செய்யாமல் நின்றேன், அவ்வளவுதான்.

எவ்வளவு நேரம் போயிற்றோ. எதிர்மூலையிலிருந்து மாதவன் எட்டிப் பார்த்தான்.

"எந்தாடோ, அப்படியே சிலையாயிட்டே? மாலை வாங்கிக் கொண்டு வரட்டா?"

"வராதே! மாதவா, அடுப்பை மூடு. தண்ணி ஊத்து. மேஸ்திரியக் கூட்டிட்டு வா. ஓடு!"

என் குரல் எப்படி இருந்ததோ, அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கரியில் தண்ணீர் கொட்டின சத்தம் கேட்டது. பிறகு அவன் தெருவில் ஓடும் சத்தம்.

தம்பானூர் போய் வர அரை மணி ஆகும். தோள்பட்டை மரத்துப் போயிற்று. மூக்கு நுனியில் வேர்வை இறங்கியது, அது பெட்ரோலில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒரு பயம். ஒன்றும் ஆகாது என்று இப்போது தெரியும். கொட்டகைக்கு எத்தனை கதவு, பக்கத்து வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எண்ணினேன். ஐந்து பிள்ளைகள், அதில் ஒன்று தொட்டிலில்.

மேஸ்திரி ஓடி வரவில்லை. வாசலில் நின்று ஒருமுறை பார்த்தார். காற்றை முகர்ந்தார்.

"சோப்பு போடல்ல."

"இல்ல அண்ணாச்சி."

"பேசாத. கைய மட்டும் அசைக்காத."

முற்றத்தில் போய்த் துவர்த்தைத் தொட்டார். திரும்பி வந்தார். என்னைச் சுற்றித் தரையில் தண்ணீரை மெதுவாகச் சரித்துவிட்டார். நனைத்த சாக்கை என் முதுகிலும் தோளிலும் போர்த்தினார். என் கால்மேல் தண்ணீர் ஊற்றினார். இன்னொரு ஈரச் சாக்கைத் தொட்டி விளிம்பில் நான் நிற்கும் பக்கம் போட்டார், செம்பு வெளியே தெரியாதபடி. ஒன்றிலும் அவசரம் இல்லை. டப்பாவைத் திறந்து வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சோப்பை எடுத்து, தூரமாக நின்று குவளையில் கரைத்தார். அதைத் தொட்டியின் எதிர் ஓரத்தில் நூல் மாதிரி விட்டார்.

"நூறு வரைக்கும் எண்ணு."

எண்ணினேன். சன்னமான அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"இப்ப எறக்கு. பச்சப்புள்ளயத் தண்ணிக்குள்ள எறக்குத மாதிரி."

இறக்கினேன். கை மடங்கவில்லை. அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

அதற்குப் பிறகு முற்றத்தில் உட்கார்ந்தோம். மாதவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். மேஸ்திரி ஒரு செம்பு முழுவதையும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அவருக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் பார்த்தேன்.

"சோப்ப ஏன்டே விட்டே?"

சொன்னேன்.

மேஸ்திரி செம்பைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். "எடே, ஒனக்குத் தீயவிட மாமிதான் பெரிய பயம்." தன் கழுத்தைத் தடவினார். "கொழும்புல நாங்க மூணு பேரு நின்னோம். நான் மட்டும் வந்தேன். அன்னைக்கும் சோப்பு தீந்துபோச்சுண்ணு விட்டதுதான்."

அந்தப் பேச்சு அதோடு சரி. அதற்குப் பின் அவர் அதைச் சொன்னதில்லை.

"அண்ணாச்சி, அந்தச் சோப்பு எதுல செய்யுதது?"

"மாட்டுக் கொழுப்புலேர்ந்து எடுக்குத எண்ணெயாக்கும். கொழும்புத் தொர சொல்லியிருக்காரு."

"மாமிகிட்ட என்ன சொல்ல?"

"வாக்குக் குடுத்தது நீ. நீயே சொல்லு."

புடவையை மேஸ்திரியே அலசி நிழலில் போட்டார். கறை இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. அரக்கு நிறம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை ஸ்ரீவராகத்துக்கு எடுத்துப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், "மாமி, சோப்பு போடும்படி ஆயிட்டுது" என்று. வாசலில் பந்தல் போட்டிருந்தது. சமையல்காரர்கள் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தார்கள். கோமதி உள்ளிருந்து ஓடி வந்து புடவையைப் பார்த்தாள். "அம்மா, போயிடுத்து! சுத்தமா போயிடுத்து!" என்றாள். அந்த முகத்தைப் பார்த்தேன்.

மாமி பின்னாலேயே வந்தாள். "சோப்பு?"

"இல்ல மாமி" என்றேன். கையிலிருந்த மூட்டை ஆடிக்கொண்டே இருந்தது.

மாமி மூட்டையையும் என்னையும் பார்த்தாள். "செரி. அந்த ரேழிப் பெட்டி மேல வெச்சுட்டுப் போ" என்றாள். கையால் வாங்கவில்லை. நான் தொட்டது என்பதால் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளைக்கும் இங்கேயே சர்க்கார் கச்சேரியில் வேலை. வருஷா வருஷம் நவராத்திரிக்கு முன்னால் கோமதி அந்தப் புடவையை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்துவிடுவாள்.

"அன்னிக்குச் செஞ்ச மாதிரியே, சோப்பு போடாம. செல்லையாதான் செய்யணும்னு அம்மா சொல்லச் சொன்னா."

"ஆகட்டும்மா" என்பேன். சோப்பைப் போட்டுத்தான் வெளுப்பேன். வேறு வழி கிடையாது. யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கூப்பன் வந்து கடையைப் பாதி நாள் சாத்தியிருந்தோம். ஒரு நவராத்திரிக்கு அவள் வரவில்லை. அந்த ஒரு வருஷம்தான் நிம்மதியாக இருந்தேன். அதிலும் பாதி நாள் அவளுக்கு என்ன ஆயிற்றோ என்ற கவலை. ஒரு குடும்பத்தின் பூஜையை நான் வருஷம் தோறும் கெடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மேஸ்திரி காலமாகும் வரை அவரிடமும் இதைச் சொல்லவில்லை.

கைத்தோல் வெடித்து, இருமலும் சேர்ந்து, இனி முடியாது என்று நான் வேலையை விடுகிற வருஷம் கோமதி வந்தாள். உடம்பு கொஞ்சம் கனத்திருந்தது. மாமி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. புடவையைப் பிரித்து வைத்துவிட்டு வழக்கமான வார்த்தையைத் தொடங்கினாள். நான் தடுத்துவிட்டேன்.

"அம்மா, ஒரு தப்பு சொல்லணும். அன்னைக்கே சோப்பு போட்டுட்டேன். எல்லா வருஷமும் போட்டேன். கொழுப்புச் சோப்புதான்."

அவள் கோபப்படவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அம்மாவுக்கு அன்னிக்கே தெரியும், கேட்டேளா. 'பாவம், பொய் சொல்லக்கூடத் தெரியலை, மூட்டை இந்த ஆட்டம் ஆடறது'ன்னா. ரேழியில வெச்சேளே, அது விழுப்புத் துணிப் பெட்டியாக்கும், மடியில்லாததெல்லாம் அங்கதான். இந்தப் புடவை மடிக்குப் போனதே இல்லை. நலங்குக்குக் கட்டிண்டேன், கொலு பாக்கப் போறச்சே கட்டிப்பேன். அவ்வளவுதான்."

"பின்னே வருஷா வருஷம் சோப்பு போடாமன்னு ஏன் கேட்டீங்க?"

"அம்மா சொல்லிக் குடுத்ததுதான். 'மறக்காம அதைக் கேளு. கேட்டா அவன் பயந்துண்டே இன்னும் நன்னா வெளுப்பான்'னு."

பதினாலு வருஷம். எத்தனை ராத்திரி தூக்கம் போயிற்று என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி சிரிப்பாளோ, அழுதுவிடுவாளோ என்று இருந்தது.

ரசீது எழுதினேன். அவள் படியிறங்கப் போனவள் திரும்பினாள். கண்ணில் விஷமம்.

"இந்த வருஷமும் சோப்பு போடாமதானே, செல்லையா?"

"சோப்பு போட்டுத்தாம்மா" என்றேன். அந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

கையை நன்றாகத் துடைத்துக்கொண்டேன். முற்றத்துக்குப் போய்த் துவர்த்தைத் தொட்டுப் பார்த்தேன்.